'கொன்ரினென்ற்' என்னும் ஆங்கிலப் பெயரடையும் 'அடக்கம்' என்னும் தமிழ்ச் சொல்லும்

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணாக்கன் ஒருவன், பழைய உரைநடை நூலொன்றிலே, பெருமகன் ஒருவனுக்கு அடையாகக் 'கொன்ரினென்ற்' என்னும் சொல் வந்திருத்தலைக் காண்கின்றான் என்க. அச்சொல்லை அவன் ஏலவே அறிவான். ஆசியா, ஆபிரிக்கா, ஐரோப்பா முதலிய பெருநிலங்களுக்குப் புவியியல் வகுப்பிலே அவன் கேட்ட பெயர் அது. மனிதன் ஒருவன் எங்ஙனம் கண்டமாவான் எனத் திகைத்து அகராதியைப் புரட்டின், 'புலனடக்கமுள்ள' என்றாற் போன்ற பொருள் ஒன்று அவனுக்குக் கிடைக்கும். நிலத்துக்கும் நெஞ்சுக்கும் ஒரே சொல் பொருந்திய காரணத்தைச் சிற்றகராதிகள் கூறா. கூறாமையின், மாணாக்கன் அப்பொருளை மனனஞ் செய்வான், சோதனையில் எழுதுவான், பின்னர் மறப்பான்.

அச்சொல்லின் வரலாறு மறக்கத்தக்கதன்று. அதனை ஆராயுமிடத்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. விரிந்த பொருளோடு பிறந்த ஓர் ஆங்கிலச் சொல் வரவரச் சுருங்கிப் பொதுவழக்கினின்றும் வீழ்ந்தமை ஒன்று. அதற்கு நேராகத் தமிழில் வழங்கும் 'அடக்கம்' என்னும் சொல்லும் அத்தகைய சுருக்கத்துக்கே இந்நாளில் உட்பட்டு வருதல் மற்றொன்று. முன்னையது ஆங்கிலம் வழங்குவோர் கவலை. பின்னையதோ தமிழிலே பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பிக்கும் ஒவ்வொருவர்க்கும் உரிய கவலையாகும்.

சொல்லின் பிறப்பு

இலத்தீன் மொழியில் 'தெனேரே' என்னும் வினை பிடித்தலைக் குறிக்கும். 'கொன்' என்னும் முன்னொட்டு ஒருங்கு என்னும் பொருளது. இரண்டும் இயைந்து பிறந்த 'கொந்தினேரே' என்பது, சிதறவிடாது ஒருங்கே பிடித்து வைத்திருத்தல் எனப் பொருள்படும். கொள்கலம் தன்னுள்ளே பொருளைக் கொண்டிருத்தலைக் குறிக்கும் ஆங்கில வினையும், நூலின் உள்ளடக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரும், உள்ளது போதும் என்னும் மனநிறைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இவ்வொரு வேரினின்றும் கிளைத்தனவே. எல்லைக்குள் நிற்றலும் நிறைவோடு நிற்றலும் ஒரு குடும்பத்துச் சொற்களாய் அமைந்தமை எண்ணி மகிழத்தக்கது.

நிலத்தைக் குறிக்கும் பெயரும் இவ்வழியே வந்தது. கடல் இடையிட்டுப் பிரிக்காமல் தொடர்ந்து கிடக்கும் நிலத்தை உரோமர் 'தெர்ரா கொந்தினென்ஸ்', அஃதாவது ஒருங்கே பிடிபட்டிருக்கும் நிலம், என்றனர். அத்தொடரின் பிற்பாதியே ஆங்கிலத்திற் பெயராய் நின்றது. தமிழில் அதற்கு நேராக வழங்கும் 'கண்டம்' என்பதோ வடமொழிச் சொல். துண்டு, கூறு என்பன அதன் பொருள். ஒரே நிலத்தை ஒரு மொழியார் அதன் தொடர்ச்சி நோக்கியும், மற்றொரு மொழியார் அஃது உலகின் ஒரு துண்டாதல் நோக்கியும் பெயரிட்டனர். ஆகவே, கண்டம் என்னும் சொல்லைக் கொண்டு அவ்வாங்கிலப் பெயரடையின் உட்பொருளை அடைதல் இயலாது.

அதனினும் அணுக்கமான சொல்லொன்று வட இலங்கைத் தமிழர் வழக்கில் உண்டு. ஆனையிறவுக்குத் தெற்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எனப் பரந்து கிடக்கும் நிலத்தை அவர்கள் 'வன்னிப் பெருநிலப்பரப்பு' என்பர். இலங்கை முழுவதும் ஒரு தீவேயாயினும், குடாநாட்டிலும் அதனைச் சூழ்ந்த சிறு தீவுகளிலும் நின்று நோக்குவார்க்கு வன்னி பெருநிலமாய்த் தோன்றுதல் இயல்பு. பிரித்தானியத் தீவிலிருந்து நோக்குவார் ஐரோப்பாவைக் கண்டம் என்னும் பொதுப்பெயராற் சுட்டுதலும் இவ்வியல்பினதே. பெருநிலம் என்பது பிளவுபடாது தன்னைத் தான் பிடித்திருக்கும் நிலம். அவ்வாறே ஆசைகளாலும் சினத்தாலும் துண்டுபடாது தன்னைத் தான் பிடித்திருக்கும் மனிதனே அப்பெயரடைக்கு உரியவன். இவ்விளக்கம் பெற்ற மாணாக்கன் அச்சொல்லை மறவான்.

பந்தியிற் காணும் நால்வர்

தன்னடக்கத்தைக் குறிக்கும் சொல்லாக இது வளர்ந்தமைக்குக் கிரேக்கச் சிந்தனை காரணமாயிற்று. 'கிராற்றோஸ்' என்னும் கிரேக்கச் சொல் வலிமையை, ஆட்சியைக் குறிப்பது. மக்களாட்சியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லின் ஈற்றில் நிற்பதும் அதுவே. தன்மேல் தனக்கு ஆட்சியுடையவனைக் கிரேக்கர் 'எங்கிராற்றேஸ்' என்றனர். அரிஸ்டோட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலின் ஏழாம் நூலில் இவனைப் பற்றி விரித்து ஆராய்ந்துள்ளார். ஆங்கிலத்திலே அந்நூலைப் பெயர்த்தோருள் டபிள்யூ. டி. றொஸ் தம் 1925 ஆம் ஆண்டுப் பதிப்பில் இவ்விடத்துக்குக் கொன்ரினென்ற் என்னும் சொல்லையும் அதன் கிளைச்சொற்களையுமே எடுத்தாண்டார். ஆகலின், பொதுவழக்கில் மங்கிய இச்சொல் மெய்யியல் வகுப்பில் இன்றும் உயிரோடிருக்கின்றது.

அரிஸ்டோட்டில் செய்த பாகுபாட்டைக் கலியாணப் பந்தியொன்றை வைத்து விளக்கலாம். நீரிழிவு நோயினர் நால்வர் பந்தியில் அமர்ந்திருக்கின்றனர், பாயசம் வருகின்றது. முதலாமவருக்கு அதில் விருப்பமே எழவில்லை; இயல்பாகவே வேண்டாமென்கின்றார். இரண்டாமவருக்கு விருப்பம் மிகவுண்டு. ஆயினும் தீங்கு என்றறிந்து கையை மடக்கிக்கொள்கின்றார். மூன்றாமவரும் தீங்கென்றே அறிவார், ஆயினும் ஆசையை வெல்லமாட்டாது உண்கின்றார், உண்டபின் வருந்துகின்றார். நான்காமவர் உண்பதே தக்கதென்று துணிந்து உண்கின்றார். அவருக்கு வருத்தமும் இல்லை. முதலாமவர் மட்டுணர்வு உடையவர். இரண்டாமவரே 'கொன்ரினென்ற்' என்னும் பெயரடைக்கு உரியவர். மூன்றாமவர் அதன் எதிர்மறைக்கு உரியவர். நான்காமவர் ஒழுக்கங்கெட்டவர்.

இப்பாகுபாட்டிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். ஆசையே இல்லாதவனை இப்பெயரடை குறியாது. உள்ளே இழுக்கும் ஒன்று இருத்தல் வேண்டும். அதனைப் பிடித்து நிறுத்தும் வலிமையும் அவனிடத்திலேயே இருத்தல் வேண்டும். வெறுங்கலத்தைப் பார்த்து அது நன்றாகக் கொண்டிருக்கின்றது என எவரும் கூறார். கொள்ளும் பொருள் உள்ளபோதே கலத்தின் உறுதி தெரியவரும்.

சொல்லின் சுருக்கம்

கிரேக்கர் கருத்தை இலத்தீனில் வழங்கியவருள் சிசரோ, இவ்வடக்கத்தை மட்டுணர்வு என்னும் பெரும்பண்பின் ஒரு கூறாக வைத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தோமஸ் அக்குவைனஸ் இச்சொல்லுக்கு இருபொருள் உண்டெனக் காட்டினார்: காம இன்பத்தை முற்றாக விலக்கி நிற்றல் ஒன்று, தீய ஆசைகளை எதிர்த்து நிற்றல் மற்றொன்று. துறவு மடங்கள் சிறந்து விளங்கிய ஐரோப்பாவில் முதற்பொருளே மேலோங்கிற்று. ஆங்கிலத்திலும் அவ்வாறே ஆயிற்று. நாவடக்கம், சினவடக்கம், உணவடக்கம் யாவற்றையும் தழுவி நின்ற சொல், காமவடக்கம் ஒன்றையே பெரும்பாலும் குறிக்கலாயிற்று.

அதன் எதிர்மறைச் சொல்லுக்கு நேர்ந்த கதி இன்னும் இரங்கத்தக்கது. 1611 இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்திலே, தன்னை ஆளமாட்டாத மக்களைக் குறிக்க அவ்வெதிர்மறை வந்துள்ளது. பிற்காலப் பெயர்ப்புக்கள் பலவற்றில் அது நீக்கப்பட்டு, தன்னடக்கமின்மையை நேரே கூறும் தொடர் இடம்பெற்றது. காரணம் வெளிப்படை. இக்காலத்தில் அச்சொல்லைக் கேட்போர், சிறுநீரையும் மலத்தையும் அடக்கமாட்டாத நோய்நிலையையே நினைப்பர். ஒழுக்கநூலில் வழங்கிய சொல் வைத்தியசாலைக் குறிப்பேட்டிலே தங்கிவிட்டது.

செகப்பிரியரைப் பயிலுவோர்க்கு மேலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 'ஒதெல்லோ' நாடகத்தின் நான்காம் அங்கத்திலே, கணவன் விரைந்து திரும்புவான் என்று கூறும் தெசுடிமோனா, இவ்வெதிர்மறை வடிவத்தையே 'உடனே' என்னும் பொருளில் வழங்குகின்றாள். அங்கே அது வினையடை, ஒழுக்கக்கேட்டைச் சுட்டுவதன்று. இடையறாத காலத்தில் என்னும் இலத்தீன் தொடரினின்றும் வந்தது அவ்வழக்கு. வேர் ஒன்றாயினும் வழி வேறு. இதனை அறியாது உரை கூறுவோர் கற்புடைய ஒரு பெண்ணின் வாயிலே பொருந்தாப் பொருளை ஏற்றியவராவர்.

இதனோடு ஒருபொருட் சொற்களாக மயங்கும் பிற பெயரடைகளையும் வேறுபடுத்தி அறிதல் தகும். 'ரெம்பரேற்' என்பது தக்க அளவிற் கலத்தல் என்னும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. வெம்மையும் தண்மையும் அளவாய்க் கலந்த நிலப்பகுதியை இடைவெப்ப வலயம் என்று புவியியலார் கூறுவதற்கும், கொல்லன் உலையில் உருக்குக்குப் பதமேற்றுவதற்கும், சினந்தவன் தன் பதத்தை இழந்தான் என்பதற்கும் ஆங்கிலத்தில் இவ்வேரின் சொற்களே பயன்படும். ஆகவே அச்சொல் பிடித்து நிறுத்துதலைக் குறியாது. அளவாய் அமைதலைக் குறிக்கும். 'அப்ஸ்ரீமியஸ்' என்பது மதுவைக் குறிக்கும் பழைய இலத்தீன் சொல்லோடு விலக்கற்பொருள் முன்னொட்டுச் சேர்ந்து பிறந்தது. ஊணிலும் குடியிலும் மட்டாயிருப்பவனையன்றிச் சினமடக்கியவனை அது சுட்டாது.

இவற்றுள்ளும் ஒரு திரிபு நிகழ்ந்தது. அளவைக் குறித்த ரெம்பரேற் என்னும் சொல்லின் பெயர்வடிவம், 1830 களில் இங்கிலாந்தின் பிறெஸ்ரன் நகரில் எழுந்த முழு மதுவிலக்கு இயக்கத்தின் பின்னர், மதுவை அறவே விடுதலுக்குப் பெயராயிற்று. இலங்கையிலே 1904 இலும், பின்னர் 1912 இலும் கள்ளுக் கடைகளுக்கும் சாராயக் கடைகளுக்கும் எதிராக எழுந்த கிளர்ச்சியும் அப்பெயரையே தாங்கிற்று. அளவு என்னும் சொல் விலக்கு என்னும் பொருளைத் தாங்கியமை அக்காலத்துத் தேவை பற்றியதாகும். குடியால் அழிந்த வீட்டார்க்கு அளவு பற்றிய போதனை போதாதென்று அவ்வியக்கத்தார் கருதினர். அக்கருத்தை இகழ்தற்கில்லை. ஆயினும், சொல்லாராய்ச்சி செய்வோன் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

தமிழில் அடக்கம்

இனித் தமிழ்ச் சொல்லை நோக்குக. அடங்கு என்பது தன்வினை; அடக்கு என்பது பிறவினை. இவ்விரண்டன் வழியும் பொருள் விரிந்து செல்லும் அழகு வியக்கத்தக்கது. நூலுக்கு உள்ளடக்கம் உண்டு. வணிகனுக்கு அடக்கவிலை உண்டு. கைக்குள் அமைவது கையடக்கம். இலங்கைத் தமிழர் கையடக்கத் தொலைபேசி என்று வழங்குவதும் அதுபற்றியே. மாண்டவரை மண்ணுட் சேர்த்தல் நல்லடக்கம். ஆள்வோர் குடிகளை நெரித்தல் அடக்குமுறை. புலவன் சபைமுன் பணிதல் அவையடக்கம். உள்ளே கொண்டிருத்தல் என்னும் ஒரு கருத்து இவையனைத்தினும் ஊடுருவி நிற்றலால், இலத்தீன் வினைக்கும் தமிழ் வினைக்கும் இனத்தொடர்பு இல்லையாயினும் கருத்தொற்றுமை பெரிதும் உண்டு.

திருக்குறளில் அடக்கமுடைமை பதின்மூன்றாம் அதிகாரம். நடுவுநிலைமைக்குப் பின்னும் ஒழுக்கமுடைமைக்கு முன்னும் அது நிற்கின்றது. மனம், மொழி, மெய் என்னும் மூன்றும் தீய வழியிற் செல்லாமையே அடக்கம் எனப் பரிமேலழகர் விளக்குவர். இவ்வதிகாரம் துறவறவியலில் இல்லை, இல்லறவியலிலேயே வைக்கப்பட்டுள்ளது. மனைவியும் மக்களும் சுற்றமும் விருந்தும் பொருளும் உடையவனுக்கே வள்ளுவர் அடக்கத்தை விதித்தார். ஆசையின் வேரை அறுத்தலை அவாவறுத்தல் என்னும் முப்பத்தேழாம் அதிகாரத்தில், துறவியை நோக்கி வேறாகக் கூறினார். ஆகவே, அரிஸ்டோட்டில் செய்த பாகுபாட்டுக்கு ஒருவாறு ஒத்ததொன்று குறளின் வைப்புமுறையிலேயே அமைந்துள்ளது. ஆசை உள்ளவிடத்து அதனைப் பிடித்து ஆளுதல் அடக்கம். ஆசையே அற்றுப்போதல் அதனின் வேறாய நிலை.

இதனாலே பெயர்ப்பாளர்க்கு ஒரு நெறி கிடைக்கின்றது. குறள் கூறும் அடக்கமுடையாரை இக்கால ஆங்கிலத்தில் கொன்ரினென்ற் எனப் பெயர்த்தல் தவறு; இல்லறத்தானைப் பிரமசாரியாக்கிவிடும். அரிஸ்டோட்டில் கூறியவனைத் தமிழிலே 'பிரமசரியமுடையவன்' எனப் பெயர்த்தலும் அவ்வாறே தவறாகும். ஜி. யு. போப் தம் 1886 ஆம் ஆண்டுப் பெயர்ப்பில் இவ்வதிகாரத் தலைப்பைத் தன்னைத் தடுத்தலாகிய உடைமை என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடராற் குறித்தார். உடைமை என்னும் சொல்லைக் கைவிடாது பெயர்த்தமை அவர்தம் நுட்பத்தைக் காட்டும். எனினும் அவர் கொண்ட ஆங்கிலச் சொல், பின்னோக்கி இறுக்கிக் கட்டுதல் என்னும் இலத்தீன் வினையினின்றும் வந்தது. கட்டுதல் அடக்கத்தின் ஒரு பாதி. கொண்டிருத்தல் மற்றைப் பாதி. அம்மற்றைப் பாதி அச்சொல்லுள் இல்லை.

குறளின் உவமைகளே இதனைத் தெளிவிக்கும். ஐந்துறுப்புக்களையும் ஓட்டினுள் இழுத்துக்கொள்ளும் ஆமையை வள்ளுவர் காட்டுகின்றார். பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலும் ஆமையே உவமையாய் வருகின்றது. ஆமையின் கால்களை எவரும் கட்டவில்லை. வேண்டியபோது தானே ஒடுங்குகின்றது. வேண்டியபோது தானே நீட்டி நடக்கின்றது. தன் நிலையிற் பிறழாது அடங்கியவனின் தோற்றம் மலையினும் பெரிது என்பதும் அவர் கருத்து. அடங்கியவன் சிறுத்துப்போகின்றான் என்றிருப்பின் மலையை உவமை கூறியிரார்.

திருமூலர் இன்னும் ஒருபடி மேற்சென்றார். ஐம்புலன்களையும் அடக்குக அடக்குக என்று கூறுவோரை அறிவிலார் என்றே அவர் ஒதுக்கினார். ஐந்தையும் அடக்கின் உயிர் அறிவற்ற சடம்போலாகிவிடும்; அடக்காமலே அவற்றை ஆளும் அறிவைத் தாம் அறிந்ததாக அவர் கூறுகின்றார். பிறவினையாகிய அடக்குதலை அவர் மறுத்தாரேயன்றித் தன்வினையாகிய அடங்குதலை மறுத்திலர். காந்தியடிகளும், பிரமசரியம் என்பது காமவடக்கம் ஒன்றே என்னும் குறுகிய கருத்தை மறுத்து, எண்ணம், சொல், செயல் மூன்றினும் எல்லாப் புலன்களையும் ஆளுதலே அதன் நிறைபொருள் எனப் பலகாலும் எழுதினார். பரிமேலழகர் கூறிய மனமும் மொழியும் மெய்யும் அம்மூன்றே.

அவையடக்கமும் இதற்குச் சான்றாகும். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைத் தமக்கு உவமை கூறிய கம்பர், அவ்வளவில் வாய்மூடி அமர்ந்தாரல்லர். பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடினார். அடக்கம் பேசாமைக்குப் பெயராயின் இராமகாதை பிறந்திராது.

அடங்காப்பற்று

இவ்வாராய்ச்சி வன்னி மண்ணில் வாழ்வார்க்கு ஒரு தடையை எழுப்புதல் கூடும். வன்னியைப் பண்டையோர் அடங்காப்பற்று என வழங்கினர். பிறர் ஆட்சிக்கு எளிதிற் பணியாத நிலம் என்பது அப்பெயருக்குக் கூறப்படும் பொருள். 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய பண்டாரவன்னியனை அவ்வாண்டு ஒக்டோபர் 31 ஆம் திகதி கப்டன் வொன் டிரிபேர்க் தோற்கடித்த செய்தியைக் கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல்லொன்று பதிவு செய்தது. பிற்காலத்தில், கணிதப் பேராசிரியராயிருந்து, 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் வவுனியாத் தொகுதியினின்றும் பாராளுமன்றம் புகுந்த செ. சுந்தரலிங்கம் 'அடங்காத் தமிழன்' என்றே அழைக்கப்பட்டார். வள்ளுவர் அடங்காமையைப் பேரிருளிற் சேர்ப்பதென இழித்துரைக்க, ஒரு நாட்டார் அதனையே பெருமைப் பெயராய்ச் சூடலாமோ?

இலக்கணமே இதற்கு விடை தரும். அடங்குதல் என்னும் வினை நான்காம் வேற்றுமையோடும் இயையும். ஏழாம் வேற்றுமையோடும் இயையும். 'அவனுக்கு அடங்கினான்' என்புழிப் பிறனொருவன் ஆட்சி தோன்றும். 'தன்னுள் அடங்கினான்' என்புழித் தன் ஆட்சியே தோன்றும். அடங்காப்பற்று என்பதில் மறுக்கப்பட்டது முன்னையது. குறள் விதித்தது பின்னையது. ஒன்றனை மறுத்தல் மற்றதனை மறுத்தலாகாது. பிறர்க்கு அடங்காதவன் தன்னுள் அடங்கியவனாயிருத்தல் கூடும். பிறர்க்கெல்லாம் அடங்குகின்றவன் தன் சினத்துக்கும் குடிக்கும் நாவுக்கும் சிறிதும் தலைவனாகாதிருத்தலும் கூடும். மேலதிகாரி முன்னே கைகட்டி நின்று, வீடு திரும்பி மனைவி மக்களைத் துன்புறுத்துவான் ஒருவனை அடக்கமுடையான் என எவரும் கூறார்.

பாடசாலைகளில் இவ்வேற்றுமை மறக்கப்படுகின்றது. நற்சான்றுப் பத்திரத்தில் 'அடக்கமான மாணவன்' என்று எழுதும் ஆசிரியர் எந்த வேற்றுமையை மனத்திற் கொண்டு எழுதுகின்றார்? வினா எழுப்பாதவன், தலைகுனிந்து செல்பவன், ஏவியதைச் செய்பவன் ஆகிய இவனையே அத்தொடர் பெரும்பாலும் குறிக்கின்றது. பெண்பிள்ளையாயின் அத்தொடர் பின்னும் குறுகி, உடையும் நடையும் பற்றிய கட்டளையாகின்றது. ஆங்கிலச் சொல் காமம் ஒன்றனுள் ஒடுங்கிற்று. தமிழ்ச் சொல் கீழ்ப்படிதல் ஒன்றனுள் ஒடுங்கி வருகின்றது. இரண்டும் ஒருவகைக் கேடே.

2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபின், இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்து மீண்ட பிள்ளைகள் வன்னியின் வகுப்பறைகளில் வந்தமர்ந்தனர். அவர்களுள் மிக அமைதியாயிருந்தோர் பலர். அவ்வமைதியை அடக்கமென்று பாராட்டுதல் எளிது. ஆயின் அது தன்னை ஆளும் வலிமையின் அமைதியோ, பேசவியலாத் துயரின் அமைதியோ என்று பிரித்தறிதல் அரிது. அடக்கம் என்னும் சொல்லின் மற்றொரு பொருளையும் அம்மண்ணில் மறத்தற்கில்லை. தம்மவரை அடக்கஞ் செய்யவும் இயலாமல் விட்டு வந்த குடும்பங்கள் அங்கே உள. அத்தகைய வீட்டுப் பிள்ளையை நோக்கி 'அடக்கமாயிரு' என்று கூறுமுன், ஆசிரியன் அச்சொல்லின் நிறையை ஒருமுறை தன் நாவிலே தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

குளமும் கட்டும்

அடக்கத்தின் நிறைபொருளை விளக்குதற்கு வன்னியிலே நூல் தேட வேண்டியதில்லை. குளம் ஒன்று போதும். கனகராயன் ஆற்றை மறித்து எழுந்த இரணைமடுவையேனும், முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டையேனும், வவுனிக்குளத்தையேனும் நோக்குக. கட்டு நீரைப் பிடித்து வைத்திருக்கின்றது. அந்நீரைக் கட்டு பகைக்கவில்லை, அழிக்கவுமில்லை. மாரியில் வரும் நீரைத் தேக்கிச் சிறுபோகத்துக்கு வைத்திருத்தலே அதன் தொழில். கட்டு மாத்திரம் இருந்து பயனில்லை. வயலுக்கு வேண்டியபோது வேண்டிய அளவு விடுதற்குத் துருசு வேண்டும். மிகுந்தபோது வழிந்தோட வான் வேண்டும். துருசும் வானும் இல்லாத கட்டு ஒரு பெருமழையில் உடைந்து, தான் காத்த ஊரையே அழிக்கும். நீரே இல்லாத குளத்துக்கோ கட்டின் பெருமை பேசிப் பயனில்லை.

கட்டு, பிடித்து வைத்திருத்தல். அது கொன்ரினென்ற் என்னும் சொல்லின் பொருள். துருசு, அளவறிந்து விடுதல். அது ரெம்பரேற் என்னும் சொல்லின் பொருள். நிறைந்த நீர், அவா, சினம், அன்பு, ஆற்றல் ஆகிய அனைத்தும். அடக்கம் என்னும் தமிழ்ச் சொல் இம்மூன்றையும் ஒருங்கே கொண்டிருத்தல் வல்லது. பிள்ளையின் உள்ளத்தில் எழும் சினத்தையும் வினாவையும் துயரையும் கட்டால் மாத்திரம் மறித்து, அதனை அடக்கம் எனக் கூறும் கல்வி, துருசில்லாக் குளம் கட்டும் கல்வியாகும். குடியும் வன்சொல்லும் வன்செயலுமாக அது பின்னொருநாள் உடைப்பெடுக்குமிடத்துப் பிள்ளையையே குறைகூறுதல் நீதியன்று.

முடிவாக, பெயர்ப்பு வகையிற் சில கூறலாம். பழைய நூல்களில் மனிதனுக்கு அடையாய் வரும் கொன்ரினென்ற் என்னும் சொல்லை இடம்நோக்கித் 'தன்னை ஆளவல்ல' என்றோ 'தன்னடக்கமுடைய' என்றோ பெயர்க்க. காமவிலக்கே கருதப்பட்டமை தெளிவாயின் அதனை வெளிப்படக் கூறுக. அதன் எதிர்மறையை 'தன்னை அடக்கமாட்டாத' என்க. செகப்பிரியரில் வினையடையாய் வருமிடத்து 'உடனே' என்க. ரெம்பரேற் என்பதை 'மட்டான', 'அளவறிந்த' என்னும் சொற்களால் வழங்குக. அடக்கமுடைமையை ஆங்கிலத்திற் பெயர்ப்போர் தடுத்தலைக் குறிக்கும் சொல்லினும் ஆளுதலைக் குறிக்கும் சொல்லையே விரும்பிக் கொள்க.

இவை மொழிபெயர்ப்போர்க்கு உரியன. கற்பிப்போர்க்கு உரியது ஒன்றே. நற்சான்றுப் பத்திரத்தில் அடக்கம் என்னும் சொல்லை எழுதுமுன், இப்பிள்ளை எவர்க்கு அடங்கினான் என்று வினவற்க. தன்னுள் எதனைக் கொண்டு அடங்கி நிற்கின்றான் என்று வினவுக. விடை தெரிந்தபின் அச்சொல்லை எழுதின், அஃது உண்மையான புகழ்ச்சியாகும்.